சக்கரம் உடைந்த பெட்டி

“துபாய்ல நல்லாத்தானே ஏத்திவுட்டேன்! இங்க வந்து பாத்தா சக்கரம் ஒடஞ்சிருக்குது. யாருங்க பதில் சொல்றது?” பாக்கியமேரி மேசையைத் தட்டிக் கத்தினாள்.

எதிரே நின்ற ஸ்டெஃபி பணிவாகத் தலையசைத்தாள். “மன்னிச்சுக்குங்க மேடம். ஏழு நாளைக்குள்ள எழுதிக் குடுத்தீங்கன்னா கம்பெனி நஷ்டஈடு குடுக்கும். அதுக்கு ஒரு வரம்பு இருக்குங்க.”

“வரம்பாவது வாய்க்காலாவது! மேனேஜரக் கூப்புடு!”

“கூப்புடறேங்க. அதுக்குள்ள கொஞ்சம் தண்ணி குடிக்கிறீங்களா மேடம்?”

பாக்கியமேரிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. “தேறிட்டடி! நான் வேல செய்யற தொப்பூர் ஹோட்டல்ல லாரிக்காரங்க போடற சண்டைய அப்புடியே போட்டுப் பாத்தேன். நாளைக்கு ஏர்போர்ட் இன்டர்வியூல எவன் இப்புடிக் கேக்கப் போறான்?”

“கேட்டாலும் பயமில்லம்மா,” என்றாள் ஸ்டெஃபி.

இதுவரை விமானத்தில் ஏறியேயிராத பாக்கியமேரி, இவ்வளவு நேரம் துபாய்ப் பெட்டியாக இருந்த குக்கரைத் தூக்கி அடுப்பில் வைத்தாள்.