ஏழாவது படிக்கு ஒரு ஜன்னல்

"முப்பது பேருக்கும் ஒரே மூளையா? இல்ல, ஒருத்தர் மூளையை முப்பது பேர் பங்கு போட்டுக்கிட்டீங்களா?"

கட்டடக்கலைத் துறைத்தலைவர் வகுப்பின் நடுவில் நின்று சத்தம் போட்டார்.

டீச்சர் ஓரமாக நின்றிருந்தாள். கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதிக் கட்டடம் வடிவமைக்கும் பாடம் அவளுடையது. கெஞ்சிக் கூத்தாடி இந்த வருஷம்தான் அனுமதி வாங்கியிருந்தாள். "பென்சிலே ஒழுங்காப் பிடிக்கத் தெரியல, இதுங்களுக்கு எதுக்கும்மா புரோகிராம்?" என்று அன்றைக்கே முகத்தைச் சுளித்தவர் தலைவர். பாடத்தை நிறுத்தும் கடிதம் இப்போது அவர் கையில் இருந்தது. கையெழுத்து மட்டும்தான் பாக்கி.

மூன்றாவது மாடியில் இருக்கும் இந்த வகுப்புக்குப் புதிதாக ஒரு மாடிப்படி வடிவமைக்க வேண்டும். அதுதான் தேர்வு. உயரம், அகலம், ஆட்கள் ஏறும் விதம் எல்லாவற்றையும் எண்களாகக் கொடுத்தால், மாணவர்கள் எழுதிய புரோகிராம் படியை வரைந்து காட்டும்.

வடிவங்கள் என்னவோ விதவிதமாகத்தான் இருந்தன. ஒன்று சுருண்டு ஏறியது, ஒன்று மடங்கித் திரும்பியது. ஆனால் முப்பதிலும் ஏழு படி முடிந்தால் ஒரு சின்ன மேடை, மேடைக்கு ஒரு ஜன்னல்.

"பன்னிரண்டு படிக்கு ஒரு மேடை வச்சாலே தாராளம். காப்பி அடிக்கிறவங்க தப்பையும் சேர்த்தா அடிப்பாங்க?"

வகுப்பிலேயே பெரிய வாயாடிகூடத் தலையைக் குனிந்துகொண்டாள்.

"என் பசங்க காப்பி அடிக்க மாட்டாங்க சார்," என்றாள் டீச்சர். "முதல்ல ஒரு வாரம் படிக்கட்டுல உட்கார்ந்து, யார் எப்படி ஏறுறாங்கன்னு குறிப்பு எடுக்கச் சொன்னேன். அந்தக் குறிப்புலேர்ந்துதான் எண்ணே வரும்."

"அப்படியா? இந்த ஏழு எங்கேர்ந்து வந்துச்சுன்னு காட்டச் சொல்லுங்க."

டீச்சர் வாயாடியைப் பார்த்தாள். "காட்டும்மா."

"வேண்டாம் மேடம். மார்க் போனாப் போகட்டும்."

சொல்லிக்கொண்டே லேப்டாப்பை மூடப் போனாள். தலைவர் விடுவாரா? "குட்டு வெளிப்பட்டுடும்னு பயமா?" என்று அதைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, மறுபடி முதலிலிருந்து படித்தார்.

கையிலிருந்த கடிதத்தை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார்.

"அடுத்த வருஷமும் நீங்களே நடத்துங்கம்மா."

யார் முகத்தையும் பார்க்காமல் வெளியே போய்விட்டார்.

ஒன்றும் புரியாமல் டீச்சர் திரையைத் தன் பக்கம் திருப்பினாள். புரோகிராமின் உச்சியில் நாலு வரிக் குறிப்பு. அவளும் படித்தாள். புரோகிராம் எழுத அவள் சொல்லிக் கொடுத்திருந்தாள். இதை அவள் சொல்லித் தரவேயில்லை. என் பிள்ளைகள் என்று ஊரைக் கூட்டிச் சொல்ல வேண்டும்போல் இருந்தது.

"முப்பது பேருக்கும் பொது விதி: தலைவர் சாருக்கு முழங்கால் வலி. ஏழு படிக்கு ஒரு தடவை நிற்கிறார். யாராவது வந்தால் செல்போன் பார்ப்பதுபோல் நடிக்கிறார். அங்கே ஒரு ஜன்னல் இருந்தால், வேடிக்கை பார்க்க நிற்கிறார் என்று நினைத்துக்கொள்வார்கள்."