டேபிள் ஃபேன் யார் பக்கம்

மதிய வெயில் மேசைவரை வந்துவிட்டது. கல்யாண ஆல்பம் வடிவமைப்பவள், கணினியின் பக்கவாட்டு மூடியைக் கழற்றிவிட்டு, அறையிலிருக்கும் ஒரே டேபிள் ஃபேனை அதன் திறந்த வயிற்றுக்கு நேராக வைத்திருக்கிறாள். சூடு ஏறினால் கணினி படுத்துவிடும். ஆல்பமோ சாயங்காலத்துக்குள் போயாக வேண்டும். திரையில் மெதுவாகத் திறக்கும் படத்தில் மணப்பெண் மூக்குவரைதான் வந்திருக்கிறாள். இவள் கழுத்தில் வியர்வை வழிகிறது. "புது கம்ப்யூட்டர் வாங்கிடலாம்னா கேக்க மாட்டேங்கிற," என்கிறான் கணவன். "அடுத்த மாசம் இப்ப கடையில இருக்கறதைவிட நல்லது வருதாம். பொறுங்க." "போன வருஷமும் இதையேதான் சொன்னே." அவன் ஃபேனை அவள் பக்கம் திருப்புகிறான். நெற்றி முடி பறக்கிறது. சுகத்தில் கண்களை மூடிக்கொள்கிறாள். கணினி உறுமத் தொடங்குகிறது. கண்ணைத் திறக்காமலே கையை நீட்டி, ஃபேனைப் பழையபடி அதன் பக்கமே திருப்பிவைக்கிறாள்.