ஒரு கைப்பிடி மருந்து

சாயங்காலம் வேன் ஏறப்போகும் நேரத்தில், பட்டாசுக் கம்பெனி கேட்டில் வேலுத்தாய் பிடிபட்டாள். அவளுடைய சாப்பாட்டு டப்பாவைத் திறந்து பார்த்தால், உள்ளே பாலித்தீன் பையில் கட்டிய பட்டாசு மருந்து. ஒரு கைப்பிடி இருக்கும்.

முதலாளி ராஜபாண்டியன் ஆளையும் டப்பாவையும் நேராகப் போலீஸ் ஸ்டேஷனுக்கே கொண்டுவந்துவிட்டார்.

டப்பா மேஜைக்கு வந்ததும் இன்ஸ்பெக்டர் ஊர்க்காவலன் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார். "மொதல்ல அதைத் தூக்கிட்டுப் போய் வேப்பமரத்தடியில மணல் வாளிக்குள்ள வைங்கய்யா!"

அது போன பிறகுதான் அவருக்குப் பேச்சு வந்தது. "ஏம்மா, யாருக்கு எடுத்தே? வீட்ல வச்சு வெடி சுத்துறியா?"

"இல்லய்யா. எம் மக காலேஜ்ல படிக்கா. அவ டீச்சருக்குத்தான்."

தகவல் போய், இருட்டுவதற்குள் மகள் எழிலும், அவளுடைய வேதியியல் பேராசிரியை ஜாஸ்பினும் விருதுநகரிலிருந்து வந்து சேர்ந்தார்கள்.

எழில் பி.எஸ்சி. இரண்டாம் வருடம். கோடை விடுமுறையில் ஒரு பேராசிரியரோடு சேர்ந்து ஆராய்ச்சி செய்யும் மாணவர்களுக்குக் கல்லூரி தரும் உதவித்தொகை இந்த வருடம் அவளுக்குக் கிடைத்திருந்தது. வழிகாட்டி ஜாஸ்பின். எந்தப் பட்டாசு மருந்து லேசாக உரசினாலே தீப்பிடிக்கும் என்பதுதான் ஆராய்ச்சி.

அதைக் கேட்டதும் ராஜபாண்டியன் சத்தமாகச் சிரித்தார்.

"ஆராய்ச்சிக்கு ஊரான் வீட்டு மருந்தா? படிச்ச டீச்சரே திருடச் சொல்லிக் குடுத்தா, கூலிக்காரி என்ன செய்வா?"

ஜாஸ்பின் கைக்குட்டையால் நெற்றியை ஒற்றிக்கொண்டார். "நான் எடுக்கச் சொல்லவே இல்ல சார். இந்தம்மாவா எடுத்திருக்காங்க. இதுல என் பேர் வந்தா உதவித்தொகையே நின்னுபோயிரும்."

சொல்லிவிட்டு வேலுத்தாயைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தார்.

"ஆமாய்யா," என்றாள் வேலுத்தாய், குனிந்த தலை நிமிராமல். "டீச்சர் சொல்லல. நானாத்தான் எடுத்தேன்."

இன்ஸ்பெக்டருக்கு வாயெல்லாம் கசந்தது. இவ்வளவு படித்தவள், பழியை எவ்வளவு லேசாக ஒரு ஏழை தலையில் இறக்கி வைத்துவிட்டாள்! அவர் முதலாளி பக்கம் திரும்பினார்.

"அண்ணாச்சி, எம்புட்டோ வருசமா உங்ககிட்ட வேலை பாத்த பொம்பள. கண்டிச்சு அனுப்பிருவோமா? கேஸ்னா நீங்களும் கோர்ட்டுக்கு அலையணும்."

ராஜபாண்டியன் யோசித்தார். கோர்ட் என்றதும் அவர் குரல் கொஞ்சம் இறங்கியது. "அதுவும் சரிதான்... இந்த ஒரு தடவை..."

அந்த நேரம் பார்த்து ஜாஸ்பின் வாயை விட்டார்.

"அதான் சார் உங்களுக்கும் மரியாதை. இது உங்க மருந்துன்னு எப்படிச் சொல்லுவீங்க? இந்தத் திருத்தங்கல் ஊர்ல இல்லாத மருந்தா? எங்கேயோ கிடந்ததை எடுத்தேன்னு இந்தம்மா சொன்னா, கேஸ் ஒரு நாள்கூட நிக்காது."

ராஜபாண்டியன் விருட்டென்று எழுந்தார்.

"நிக்காதா? யார்கிட்ட பேசுறீக டீச்சரம்மா? இது எங்க கம்பெனி மருந்து. இன்னைக்குக் காலையில எங் கண்ணு முன்னால, நான் சொல்லிக் கலந்த மருந்து. எளுதுங்க இன்ஸ்பெக்டர்!"

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க அண்ணாச்சி. உங்க மருந்துதானா?"

"எந்தக் கோர்ட்டுல கேட்டாலும் சொல்லுவேன். சீசன் வருது. இவளை இன்னைக்கு விட்டா, நாளைக்கு ஆளுக்கொரு டப்பா தூக்கிட்டுப் போவாளுக!"

"மொதலாளி, எங்கம்மாவ விட்ருங்க!" என்று அழுதபடி எழில் அவர் காலில் விழப்போனாள். அவர் விலகிக்கொண்டார். புகாரில் அழுத்தமாகக் கையெழுத்துப் போட்டார். மருந்துப் பொட்டலத்தை அவர் முன்னாலேயே சீல் வைத்தார்கள். "இனி எங்கம்பெனிப் பக்கம் காலெடுத்து வைக்காத," என்று வேலுத்தாயிடம் சொல்லிவிட்டுக் காரில் ஏறிப் போனார்.

ஸ்டேஷன் ஜாமீனில் வேலுத்தாயை அனுப்பும்போது இன்ஸ்பெக்டர் எழிலிடம் சொன்னார்: "இனி அந்தப் பொட்டலம் அரசாங்க லேபுக்குப் போய் ரிப்போர்ட் வரணும். அதுக்குள்ள நல்ல வக்கீலாப் பாரு தாயி. உங்க டீச்சரை நம்பாத."

மூவரும் பஸ் ஸ்டாப் வரை நடந்தார்கள். அங்கே யாரும் இல்லை. ஜாஸ்பின் சட்டென்று வேலுத்தாயின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது.

"உங்களுக்கு வேலையும் போச்சு, திருட்டுப் பட்டமும் வந்திருச்சே!"

"போகட்டும் டீச்சர். பங்குனியில மருந்து கலக்குற ரூம் வெடிச்சு, எங்கூட வேலை பாத்த பேச்சியம்மா செத்தா. கவனமில்லாம உரசிட்டான்னு மொதலாளி கதையை முடிச்சிட்டாரு. செத்தவ மேல கிடக்கிற பழிக்கு இது பெருசா?"

எழில் துப்பட்டாவால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "அம்மா சேலையில ஒட்டிட்டு வந்த மருந்தை நம்ம லேபுல பார்த்தப்பவே, லேசா உரசினாலே பத்திக்கிற, தடை செஞ்ச கலவைன்னு நமக்குத் தெரிஞ்சு போச்சு மேடம். ஆனா அதை வெளிய சொல்லியிருந்தா, 'அது எங்க மருந்தே இல்ல'ன்னு ஒரே வார்த்தையில தப்பிச்சிருப்பாரு."

"இப்ப எப்படித் தப்பிப்பாரு?" என்றார் ஜாஸ்பின். "தன் மருந்துதான்னு நிரூபிக்க, நம்ம மேல கேஸே போட்டிருக்காரே!"