முதல் தூண்

ஐந்து தலைமுறையாக, விளைச்சலைக் காணிக்கையாகக் கட்டும் அறுப்பின் பண்டிகைக்கு ஆலயத்தின் முதல் தூணில் தொங்குவது எங்கள் தோட்டத்து வாழைத்தார்தான். இந்த ஆண்டு காற்று ஒரு வாழையையும் விட்டுவைக்கவில்லை. குடும்ப மானம் போய்விடக் கூடாதென்று சந்தையில் வாங்கிய தாரைக் கட்டினேன்.

"ஒங்க தோட்டத்த மட்டும் கர்த்தர் காத்துட்டாரே!" என்றார் போதகர்.

"ஆமா" என்றேன்.

பேத்தி கெசியாள் என் வேட்டியை இழுத்தாள். "தாத்தா, பொய் சொல்லக் கூடாதுன்னு கட்டளை இருக்குல்லா? இது சந்தைத் தாருல்லா?"

சபையே சிரித்தது. அவள் சட்டைப்பையிலிருந்து ஒரு பச்சைமிளகாயை எடுத்து நீட்டினாள். "நம்ம தோட்டத்துல தப்பிச்சது இதுதான்."

தலை குனியாமல் தாரை இறக்கினேன். அதே தடித்த கயிற்றில், அதே இடத்தில் மிளகாயைக் கட்டினேன்.

பக்கத்துத் தூணில் பெரிய பூசணி கட்டியிருந்த வேதமுத்து, மெல்லத் தன் கயிற்றை அவிழ்க்கத் தொடங்கினார்.