ஹால் சுவரின் பள்ளம்

“பழைய கட்டடம், அதான் பள்ளம்னு எழுதித் தொலைச்சிருக்கக் கூடாதாடி?” தயாளன் கத்திய கத்தலில் பக்கத்து வீட்டில் என் குக்கர் விசில்கூட எனக்குக் கேட்கவில்லை.

“பொய் எழுதினா ஆயுசுக்கும் லைசென்ஸ் கிடையாது,” என்று திருப்பிக் கத்தினாள் அவன் மனைவி பூங்கோதை.

பூங்கோதை மாதிரி வீட்டுத் தரகர் ஆக நினைப்பவர்களுக்கு இப்போதெல்லாம் பரீட்சை மட்டும் போதாது. கடைசிப் படியாக, சொந்த வீட்டுக் குறைகளைக் காரணத்தோடு எழுதி, முப்பது நாள் வாசலில் மாட்டிய மின்திரையில் ஓடவிட வேண்டும். அக்கம்பக்கத்தார் ஆட்சேபிக்காவிட்டால்தான் உரிமம்.

‘ஹால் சுவரில் பள்ளம். காரணம்: கணவர் என்மேல் எறிந்த மிக்ஸி ஜார். பாத்ரூம் தாழ்ப்பாள் உடைசல். காரணம்: நான் உள்ளே ஒளிந்திருந்தேன்.’

தெருவே நின்று படித்தது. தயாளன் திரைமேல் போர்வையைப் போட்டான். உடனே திரை தானே சத்தமாக வாசிக்க ஆரம்பித்தது.

“அக்கா, பொய்னு ஒரு ஆட்சேபம் போடுங்க,” என்று என்னிடமே வந்தான்.

“எந்த ஜார்னு கேட்டா என்னப்பா சொல்ல? சட்னி ஜார், பெரிய ஜார், ரெண்டும் விழுந்தது கேட்டுச்சே!”

ஒன்பது வருஷமாக, கேட்கும்போதெல்லாம் டிவி சத்தத்தைக் கூட்டி வைத்தவள்தான் நானும்.

உரிமம் வந்தது. பூங்கோதை பிடித்துக் கொடுத்த முதல் வாடகை வீடு அவளுக்கே. விவாகரத்து வாங்கிக்கொண்டு தாம்பரம் பக்கம் போய்விட்டாள். தயாளனுக்கு மறுபடி பெண் பார்க்கிறார்கள். வருகிற பெண்வீட்டார் யாரும் ஜாதகம் கேட்பதில்லை. நேராக ஹாலுக்குப் போய்ச் சுவரைத் தடவிப் பார்க்கிறார்கள்.