குழந்தைகள்: ஒன்று

நிவேதா மூன்று வருடமாக வாழை இலையில்தான் படுக்கிறாள். மெத்தையில் படுத்தால் முதுகுக் கொப்புளங்கள் உடைந்து, எழும்போது தோலும் உரிந்து வந்துவிடும். புது சிகிச்சையைப் பரிசோதிக்க ஆள் எடுக்கிறார்கள் என்றதும் ஓடிப்போய்ப் பெயர் கொடுத்தாள்.

"உங்களுக்கு முன்னாடி பன்னெண்டு பேருக்குப் பண்ணியாச்சு. எல்லாருக்கும் தோல் பழையபடி ஆயிடுச்சு," என்று டாக்டர் ஜெசிந்தா படிவத்தை நீட்டினார்.

நிவேதா கையெழுத்துப் போடப் பேனாவை எடுத்தாள். "இது எதனால வருதுன்னு யாருமே சொல்லலையே டாக்டர்."

"பிள்ளை வயித்துல இருக்கும்போது, அதோட செல் கொஞ்சம் அம்மா உடம்புல தங்கிடும். நிறைய பேருக்கு அது ஒண்ணும் பண்ணாது. உங்க உடம்பு அதை எதிரின்னு நினைச்சுச் சண்டை போடுது. அதை மொத்தமா எடுத்துட்டா சரியாயிடும். உங்களுக்கு ஒரே பையன்தானே, சுலபம்."

"அது இன்னும் உயிரோடவா இருக்கு?"

"ஆமாம்மா, உயிரோடதான்."

போன ஆடியில் மகன் மகிழனின் பைக் லாரிக்கு அடியில் போனது. டாக்டருக்கு அது தெரியாது. படிவத்தில் 'குழந்தைகள்: ஒன்று' என்றுதான் அவள் எழுதியிருந்தாள்.

"எடுத்ததை என்ன பண்ணுவீங்க?"

"ஆஸ்பத்திரிக் கழிவோட எரிச்சிடுவோம்."

நிவேதா பேனாவை மூடி மேசைமேல் வைத்தாள்.

"அவன ஒரு தடவ எரிச்சாச்சு டாக்டர்."

வீட்டுக்குப் போகும் வழியில் மார்க்கெட்டில் இறங்கி, பெரிய இலையாகப் பார்த்து ஒரு கட்டு வாங்கிக்கொண்டாள்.