சிப்பி அப்பிய காவல் பூதம்

ஏர்வாடி வீட்டில் அசர் தொழுகை நேரத்து மாலை வெயில் ஜன்னல் கம்பிகளின் நிழலை டிவியின் மேல் சாய்த்துப் போட்டிருக்கிறது. நாளைக்கு மறுபடி துபாய்க்குப் போகிற மதார், கயிறு சுற்றிய பெட்டியின் மேலேயே உட்கார்ந்து, போன லீவில் வாங்கி வந்த கேம் செட்டில் விளையாடுகிறான். திரையில், கோட்டை வாசலில், அவன் மனைவி காலிதாவுக்குப் பிடித்த பூதம் நிற்கிறது. முதுகெல்லாம் சிப்பி அப்பி, கிரீடத்துக்குள் நண்டு குடியிருக்க, நெஞ்சில் ஒரே ஒரு மஞ்சள் கண். பாய்கிற அரக்கனும் விழுங்குகிற அரக்கனும் அந்த விளையாட்டின் மூன்று பாகங்களிலும் நிறைய உண்டு. இது மட்டும் கிட்டே போகாதவரை அடிப்பதில்லை. விளையாட்டுக்குள் அவள் நகர்கிற பக்கமெல்லாம் கண்ணைத் திருப்பிப் பார்த்துக்கொண்டே நிற்கும். அவன் ஊரில் இல்லாத இந்த இரண்டு வருடமாக, சமையல் முடிந்ததும் அவள் விளையாட்டைப் போட்டு அதன் எதிரே வந்துவிடுகிறாள். இந்த வீட்டில் அவளைப் பார்க்கத் திரும்புகிற கண் அது ஒன்றுதான். “பயந்துக்கிட்டு இங்கனயே நின்னுட்டியாக்கும்?” என்று அவளைக் கேட்டுச் சிரித்தபடி மதார் அந்தக் கண்ணிலேயே வாளைச் செருகுகிறான். மஞ்சள் அணைகிறது. சிப்பிகள் பொலபொலவென்று உதிர்கின்றன. “ஒன் பழைய ஆட்டத்துக்கு மேலயே சேவ் பண்ணிட்டேன் புள்ள. இனி நீ நேரா உள்ள போவலாம்.”

“இனிமே அது வராதா மச்சான்?”

“செத்தது எங்கன வரும்?”

அவன் எழுந்து பெட்டிக் கயிற்றை இறுக்குகிறான். எப்ப வருவீக என்று ஒவ்வொரு லீவின் கடைசி நாளிலும் அவள் கேட்பாள். பதிலைத் தயாராக வைத்துக்கொண்டு முடிச்சை மெதுவாகப் போடுகிறான். திரையில் கோட்டைக் கதவு ஆளில்லாமல் திறந்து கிடக்கிறது. காலிதா அதையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். இந்தத் தடவை அவள் கேட்கவில்லை.